எழுபது கிலோமீட்டர் சுற்றிப் போன எதிர்க்கரை

கொச்சியில் எந்தக் கடற்கரை குளிக்க நல்லது, தீவுகளுக்கு எப்படிப் போவது, மட்டாஞ்சேரியில் தங்கலாமா என்று கேட்டுச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத ஆரம்பித்தேன். எல்லாப் பதிலும் என் அக்காவின் கதையில் போய் முடிந்தது. அதனால் பொதுவாக இங்கேயே எழுதிவிடுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் முதன்முதலில் அங்கே போனது 1982 மே மாதம். இதில் வரும் கட்டணமெல்லாம் அந்தக் காலத்து விலை, அதுவும் என் நினைவிலிருந்து சொல்வது. படித்துப் பெருமூச்சு விடலாம், அதை நம்பிப் பணம் எடுத்துப் போகக்கூடாது.

போனதற்குக் காரணம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. உடுமலைப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் அப்போது நான் புவியியல் நடத்திக்கொண்டிருந்தேன். காயல் என்றால் என்ன என்பதற்கு என்னிடம் நிரந்தரமாக ஓர் உதாரணம் உண்டு. இலையில் சோற்றைக் கரைகட்டி உள்ளே ரசம் ஊற்றுகிறோம். கரையில் ஓரிடம் உடைந்து, ரசம் மெதுவாக வெளியே இருக்கும் மோரோடு கலக்கிறது. சோறுதான் மணல்திட்டு, ரசம் காயல், மோர் கடல். இதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் எழுந்து, "டீச்சர், நீங்க கடலப் பாத்திருக்கீங்களா?" என்றாள். பார்த்ததில்லை. அதையும் சொன்னேன். வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று சாயங்காலமே என் கணவரிடம், இந்தக் கோடை லீவில் ஜமீலா அக்கா வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

ஜமீலா என் கூடப் பிறந்தவள், எனக்கு எட்டு வயது மூத்தவள். கல்யாணமான நாளிலிருந்து மட்டாஞ்சேரியில்தான் இருக்கிறாள். வருடம் ஒருமுறை அவளே ஊருக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போவாள் என்பதால், நாங்கள் யாரும் அங்கே போகவேண்டிய தேவை வந்ததில்லை. மச்சானுக்கு அங்கே மிளகாய் வற்றல் மண்டி. மூன்று தலைமுறைக்கு முன்பே வியாபாரத்துக்காக அங்கே போன ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம்.

உடுமலையில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினோம். பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு, ஆளுக்கு ஏழு ரூபாய்க்குள். அங்கிருந்து பாசஞ்சர் ரயில். ஒற்றப்பாலம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பச்சை கூடிக்கொண்டே போகும். ஆலுவாவில் ஆற்றைக் கடக்கும்போது, அமராவதி ஆற்றையே பெரிய ஆறு என்று நடத்திவந்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. எர்ணாகுளத்தில் இறங்கியபோது மணி மூன்று. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நின்றார். அக்கா வரவில்லை.

"அவ எங்க வருவா? நான் போட்ல வந்தேன். அவளுக்கும் போட்டுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது" என்றார்.

படகில் போகும்போதுதான் அந்தப் பழைய கதையை முழுசாகச் சொன்னார். கல்யாணம் முடிந்து அக்காவை முதன்முதலாக அழைத்து வந்த அன்று இதே எர்ணாகுளம் படகுத்துறையில்தான் ஏறியிருக்கிறார்கள். படித்துறைக்கும் படகுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். படகு ஆட ஆட அந்தச் சந்து அகலும், சுருங்கும், கீழே கறுப்பாகத் தண்ணீர் தெரியும். புதுப்பெண் காலை எடுத்து வைத்தபோது சந்து அகன்றது. இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதால் அவள் தப்பினாள், ஒரு செருப்பு போய்விட்டது. மாமியார் வீட்டுக்கு ஒற்றைச் செருப்போடு வந்த மருமகள். மச்சானின் தங்கைகள் வெகுகாலம் அவளை 'ஒத்தச் செருப்பு மதினி' என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பிறகு அக்கா படகில் கால் வைக்கவில்லை. ஊருக்கு வருவதென்றாலும் தோப்பும்படிப் பாலம் வழியாகப் பஸ்ஸில்தான் ஸ்டேஷனுக்குப் போவாள்.

மச்சான் தண்ணீரைக் காட்டி, "அந்தச் செருப்பு இந்நேரம் லட்சத்தீவு தாண்டியிருக்கும்" என்றார்.

நான் சரியாகக் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அவ்வளவு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் வில்லிங்டன் தீவில் கப்பல்கள் ஒவ்வொன்றும் எங்கள் பள்ளிக்கட்டடத்தைவிடப் பெரிதாக நின்றன. அரை மணி நேரத்தில் மட்டாஞ்சேரி. ஆளுக்கு நாற்பது பைசாவோ என்னவோ கொடுத்தோம்.

மட்டாஞ்சேரியை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். படகை விட்டு இறங்கியதும் மிளகு, அடுத்த தெருவில் சுக்கு, அக்கா வீட்டுத் தெருவில் மிளகாய். நாங்கள் மூன்று தும்மல் போட்டு உள்ளே நுழைய, "வந்துட்டீங்களா, தும்மல் கேட்டுச்சு" என்று அக்கா வெளியே வந்தாள். முன்பக்கம் மண்டி, பின்பக்கமும் மாடியும் வீடு. அன்று ராத்திரி கப்பையும் மீன்குழம்பும். கப்பை என்பது நம் மரவள்ளிக்கிழங்குதான், ஆனால் அதைத் தேங்காயோடு மசித்துத் தாளித்து மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டால் வேறு பொருளாகிவிடும். போகிறவர்கள் தவறவிடக்கூடாது.

சாப்பிட்ட பிறகுதான் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் தெரிந்தது. அக்காவின் மகள் சபீராவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் நாசர், துறைமுகத்தில் கிளார்க். வைப்பின் தீவில் வீடு. தகப்பனார் இல்லை, தாய் ஆயிஷா மட்டும். அவர்களும் தமிழ் பேசும் ராவுத்தர்கள்தான். ஆண்கள் போய்ப் பார்த்துத் திருப்தியாகத் திரும்பிவிட்டார்கள். சபீராவும் பையனைப் பார்த்துவிட்டாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் துணி காயப்போடுகிறேன் என்று மாடிக்குப் போனால் இறங்க மறந்துவிடுகிறாள் என்று மச்சான் சொன்னார். மாடியிலிருந்து வைப்பின் பக்கத்துத் தென்னைகள் தெரியும்.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் குடும்பங்களில் பெண்ணின் தாய் நேரில் போய் மாப்பிள்ளை வீட்டு அடுப்படியைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அங்கேயே நின்று ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தால் சம்மதம். குடிக்காமல் வந்தால் யாரும் யாரையும் எதுவும் கேட்கமாட்டார்கள், பேச்சு அத்தோடு முடிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார், சனிக்கிழமை திரும்புகிறார். அவர் இருக்கும்போதே முடிவு தெரிய வேண்டும். நாங்கள் போய் இறங்கியது திங்கள்கிழமை. வைப்பினுக்கோ அப்போது கொச்சிப் பக்கமிருந்து பாலம் கிடையாது. படகுதான்.

அக்கா இந்தச் சம்பந்தத்தையே ஒத்துக்கொள்ளவில்லை. படகு பயம் என்று அவள் வாயிலிருந்து வரவில்லை. உப்புக்காற்று, கொசு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குடிதண்ணீர்ப் பஞ்சம் என்று காரணங்களை அடுக்கினாள். "சுத்திலும் தண்ணி, ஒரு வாய் குடிக்க முடியாது. அந்த ஊருக்கா பொண்ணக் குடுக்குறது?" என்றாள். குடிதண்ணீர் விஷயம் உண்மைதான். அந்தக் காலத்தில் வைப்பினில் பல இடங்களில் கிணறு தோண்டினால் உப்புநீர்தான் வரும், நல்ல தண்ணீர் வள்ளத்தில், அதாவது நாட்டுப்படகில், வந்து இறங்கும். ஆனால் அவள் சொல்லாத காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மச்சான், "ஒரு செருப்புக்காக ஒரு மாப்பிள்ளையை விடப்போறா" என்று முணுமுணுத்துவிட்டு மண்டிக்கு எழுந்து போனார்.

மறுநாள் சாயங்காலம் எல்லோருமாகக் கோட்டைக் கொச்சிக் கடற்கரைக்குப் போனோம். மட்டாஞ்சேரியிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர், நடந்தே போகலாம். குளிப்பதற்கு அவ்வளவு நல்ல கடற்கரை இல்லை, கல்லும் பாசியும் உண்டு. ஆனால் சீன வலைகளைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியும். ஒரு பக்கம் வலை, மறுபக்கம் கயிற்றில் கட்டிய பாறாங்கற்கள். ஆட்கள் கயிற்றை இழுக்க, பெரிய சிலந்திபோல வலை தண்ணீரிலிருந்து எழும். அன்று ஒரு கை அளவு மீன்தான் அதில் இருந்தது, அதற்குள் இரண்டு காக்கைகள் பங்கு கேட்டு வந்துவிட்டன.

எதிரே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வைப்பின். நடுவில் கப்பல் வரும் வாய்க்கால், அதில் படகு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது. சபீரா என் காதருகே, "சின்னம்மா, அந்தச் சாய்ஞ்ச தென்னை இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி" என்றாள். அக்கா வைப்பினுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கடலை தின்றாள்.

மற்றவர்கள் வலைப்பக்கம் போனதும், அக்கா கடலைத்தோலை ஊதிவிட்டு மெதுவாகச் சொன்னாள். "பையன் தங்கமான பையன். எனக்கும் தெரியும்டி. ஆனா நாளைக்கு இவளுக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா, ஒரு புள்ள பொறந்தா, நான் எப்படிப் போவேன்? இந்தக் கரையில நின்னு பாத்துக்கிட்டிருக்கவா?"

நான் அவள் மடியிலிருந்த கடலைப் பொட்டலத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

புதன்கிழமை நானும் கணவரும் தீவுகளைச் சுற்றினோம். எர்ணாகுளத்துக்குப் படகு, அங்கிருந்து சின்னப் படகில் போல்காட்டித் தீவு. பழைய டச்சு மாளிகையும் புல்வெளியும், பெரிய நிழல்மரங்களும். நாள் முழுக்க உட்காரலாம். திரும்பும்போது பிராட்வேயில் நுழைந்து ஒரு குடை வாங்கினோம். கொச்சி வெயிலையும் மே மாதத்து மழையையும் ஒரே குடை சமாளிக்கும். பக்கத்துக் கடையில் ஒரு கேரள வரைபடம் தொங்கியது. ஆசிரியர்களுக்கு வரைபடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. வைப்பினில் விரல் வைத்து வடக்கே நகர்த்திக்கொண்டே போனேன். வைப்பின், ஞாறக்கல், செராய். செராயிலிருந்து வடக்கன் பறவூருக்கு ஒரு சிவப்புக் கோடு. கடைக்காரரைக் கேட்டேன். ஆமாம், அங்கே பாலம் இருக்கிறது, பஸ் போகும் என்றார். தெற்கு முனையில் பார்த்தால் மட்டும்தான் வைப்பின் தீவு. வடக்கே நிலத்தோடு அதற்கு ஒட்டுறவு இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மச்சான் சிரித்த சிரிப்பில் மண்டி ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது, பத்து நிமிஷத்தில் போகிற இடத்துக்கு ஆலுவா வழியாகப் போகிறவர்கள் உலகத்திலேயே உடுமலைக்காரர்கள்தான் என்றார். அக்கா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "காலைல எத்தன மணிக்குப் பொறப்படணும்?" என்று என்னைக் கேட்டாள்.

வியாழக்கிழமை ஆறரை மணிக்கு நான், என் கணவர், அக்கா மூவரும் கிளம்பினோம். பெண் வரக்கூடாது என்பதால் சபீரா இல்லை. என் குடையை எடுத்துக் கொடுக்கும்போது, "அந்த வீட்டுல மாடி இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாங்க சின்னம்மா" என்றாள். மச்சான், மாப்பிள்ளை வீட்டுக்கு ராத்திரியே ஆள் அனுப்பிச் சொல்லியாயிற்று, மண்டியை விட்டுத் தான் வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

இந்தத் தரைவழியை இன்றும் யாராவது போக நினைத்தால், அழகான வழிதான். தோப்பும்படிப் பாலம், வில்லிங்டன் தீவு, இன்னொரு பாலம், எர்ணாகுளம். பாலங்களில் மட்டும் அக்கா பஸ்ஸின் கூரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எர்ணாகுளத்திலிருந்து ஆலுவா, இருபது கிலோமீட்டர். ஆலுவா நிலையத்தில் சாயாவும் பழம்பொரியும். அங்கிருந்து பறவூர் பஸ். கண்டக்டர் எங்கே போகிறோம் என்று கேட்டார். வைப்பினுக்கு, மட்டாஞ்சேரியிலிருந்து வருகிறோம் என்றேன். அவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, "எந்தா சேச்சி, போட்டு முங்கியோ?" என்று கேட்டார். படகு மூழ்கிவிட்டதா என்கிறார். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. "முங்கல. முங்கக்கூடாதுன்னுதான் இப்படிப் போறோம்" என்றாள் அக்கா. பறவூர் வரைக்கும் அந்தக் கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எங்களைக் காட்டி யாருக்காவது சொல்லிக்கொண்டே வந்தார்.

செராயில் இறங்கும்போது பதினொரு மணி. நிறுத்தத்திலிருந்து கடற்கரை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். குளிக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு என் பதில் இந்த இடம்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் ஒரு சாலையும் தென்னைகளும். எனக்கு என் வாழையிலை நினைவு வந்தது. அந்தச் சோற்றுக்கரையின் மேல் நின்றுகொண்டிருந்தேன். மோர் இவ்வளவு சத்தம் போடும் என்று மட்டும் நான் வகுப்பில் சொன்னதில்லை.

கடலில் காலை நனைத்துவிட்டுத் திரும்பினால் அக்கா என்னைத் தாண்டிப் போய் முழங்கால் ஆழத்தில் நிற்கிறாள். சேலையை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அலைக்கும் ஒரு குதி. பயமாக இல்லையா என்று கேட்டேன். "இதுல என்னடி பயம்? கால் மண்ணுல இருக்கு. சந்து இல்ல" என்றாள். அதுவரை நான் அவளுக்குத் தண்ணீரே ஆகாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செராயிலிருந்து வைப்பின் போகும் பஸ் தீவின் முதுகெலும்புபோல நேராகத் தெற்கே போகிறது. இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு மணி நேரம் ஆனது. வழியெல்லாம் இறால் வளர்க்கும் கட்டுகள், தேவாலயங்கள், மீன் கூடைக்காரிகள். கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே கோட்டைக் கொச்சி, செவ்வாய்க்கிழமை நாங்கள் உட்கார்ந்து கடலை தின்ற அதே இடம். மணி மூன்றாகப் போகிறது. சாய்ந்த தென்னையை அடையாளம் வைத்து வீட்டைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தோம்.

மச்சான் உள்ளே உட்கார்ந்திருந்தார். மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் படகு ஏறி வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருந்தார். "வாங்க வாங்க. ஹஜ்ஜுக்குப் போறவங்ககூட இந்நேரம் ஜித்தாவுல எறங்கியிருப்பாங்க" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் அடுத்த வாக்கியத்தை விழுங்கிவிட்டார்.

ஆயிஷாத்தா அக்காவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். உயரம், வெள்ளைத்துணியில் முக்காடு, கேட்டால் உடனே சிரிக்கிற முகம். அவரை முதல் பார்வையிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. எங்களை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். எழுபது கிலோமீட்டர் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்தீங்களே" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு பெண்கள் மூவரும் அடுப்படிக்குப் போனோம். சின்ன அடுப்படி. பாத்திரங்கள் பளபளவென்று கவிழ்ந்திருந்தன. மூலையில் ஒரு பித்தளைக் குடம்.

ஆயிஷாத்தா குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினார். அக்கா கையில் வாங்கிவிட்டாள், வாய்க்குக் கொண்டு போகவில்லை. மண்டிக்காரரின் மனைவி, எந்தச் சரக்கையும் விசாரிக்காமல் வாங்கத் தெரியாதவள். டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இது இந்த ஊர்த் தண்ணியா?"

"இல்ல மோளே. இங்கத்த கெணறு உப்பு. வள்ளத்துல வர்ற தண்ணில தாரு வாடை அடிக்கும், உங்களுக்கு எப்படிக் குடுக்கிறது? விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு அக்கரை போனேன். உங்க தெரு மொனையில பைப்பு இருக்குல்ல, அதுல பிடிச்சதுதான். நீங்க குடிச்சுப் பழகின வெள்ளம்."

அக்கா நிமிர்ந்தாள். "எங்க தெரு பைப்பா? போட்லயா போனீங்க?"

"பின்ன? நடந்து போக முடியுமா?"

"கொடத்தோட?"

"கொடத்தோடதான். இடுப்புல வச்சுக்கிட்டா அது பாட்டுக்கு வரும்."

நாங்கள் காலையில் வாசலை விட்டு இறங்கிய நேரத்துக்கு, இந்த அம்மாள் எங்கள் தெருமுனையில் குடம் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் பஸ்ஸில் ஆலுவா போவதற்குள் அந்தத் தண்ணீர் வைப்பினுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அக்கா பிஸ்மி சொல்லிக் குடித்தாள். பாதியில் நிறுத்தவில்லை. குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுப்பாள் என்று பார்த்தால், தானே போய் அலசி, மற்றப் பாத்திரங்களோடு வரிசையில் கவிழ்த்து வைத்தாள். ஆயிஷாத்தா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன்னறையில் மச்சானிடம் நான் போய்ச் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை.

திரும்புவதற்குப் பஸ் எப்போது என்று என் கணவர் விசாரிக்க எழுந்தார். அக்கா, "பஸ் வேண்டாம். போட் எப்ப இருக்கு?" என்றாள். மச்சான் வாயைத் திறந்தார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன்.

படகுத்துறைக்கு ஆயிஷாத்தாவும் வந்தார். அங்கே பெண்கள் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்தேன். வெறுங்காலுக்குப் பலகை வழுக்காது. ஆயிஷாத்தா அக்காவிடம் அதைத்தான் சொன்னார். "செருப்ப ஊரிக்கோ. கையில இருக்கிறது தண்ணில விழாதுல்ல?" மச்சான் அந்தக் கதையை ஏற்கெனவே அங்கே சொல்லி முடித்திருப்பார் என்று அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. செருப்பைக் கழற்றினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

முதல் படகு வந்தது. அக்கா விளிம்பு வரை போனாள். சந்து அகன்றது, சுருங்கியது. கீழே பார்த்துவிட்டாள். பின்னால் நின்றவர்கள் மலையாளத்தில் அவசரப்படுத்தினார்கள். அவள் ஓரமாக நகர்ந்து அவர்களுக்கு வழிவிட்டாள். படகு போய்விட்டது. மச்சான் முகத்தைப் பார்த்தால் இத்தனை நாளாகச் செய்த கேலிக்கெல்லாம் அவரே வருந்துவதுபோல இருந்தது. "வா, ஆலுவா வழியாவே போயிடலாம். நானும் வர்றேன்" என்றார்.

அக்கா எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆயிஷாத்தாவிடம் திரும்பி, "அந்தக் கொடத்தக் கொண்டாங்க" என்றாள். "உங்க தண்ணிய நாங்க குடிச்சுட்டோம். நெறச்சு அனுப்புறேன்."

குடம் வந்தது, காலியாக. அதைப் பார்த்ததும் எனக்கு உடுமலையில் எங்கள் சின்ன வயது ஞாபகம் வந்தது. கோடையில் இரண்டு தெரு தள்ளிப் போய் அக்காதான் தண்ணீர் எடுத்து வருவாள். பள்ளமும் கல்லும் நிறைந்த பாதை. ஒரு நாளும் தடுக்கியதில்லை. அந்தப் பழக்கம் இடுப்பில் அப்படியே இருந்தது. குடத்தை இடுக்கிக்கொண்டதும் அவள் நிற்கிற விதமே மாறியது. அடுத்த படகு வந்து அணைந்தது. ஆயிஷாத்தா முதலில் ஏறிக் கை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்தாள், காலை எடுத்து வைத்தாள். இடுப்பில் குடம் இருந்தால் காலடி தெரியாது. பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஆண்கள் ஒருமுறை செய்து பார்க்கலாம். சந்து அங்கேதான் இருந்தது, அவள் கண்ணில் படவில்லை.

எதிர்க்கரை வரும்வரை குடத்தை இறக்கி வைக்கவில்லை. நடுவில் ஒரு கப்பல் எங்களைக் கடந்துபோய்ப் படகு நன்றாகவே ஆடியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஆயிஷாத்தாவின் கையை நசுக்கினாள். அவர் தன் மற்றக் கையால் எனக்குச் சைகை காட்டினார், ஒன்றுமில்லை என்று. ஆளுக்கு முப்பது பைசா. காலையில் வந்த வழிக்கு மூன்று பேருக்கும் சேர்த்து முப்பது ரூபாய்க்குக் கிட்டத்தட்ட ஆகியிருந்தது.

சபீரா மாடியில் நின்று தோப்பும்படிப் பக்கத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து, கோட்டைக் கொச்சிப் படகுத்துறையில் இறங்கி நடந்து வந்தோம். முன்னால் அவள் அம்மா, வெறுங்காலோடு, இடுப்பில் யாருடைய குடமோ. பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய். சபீரா படியில் தடதடவென்று இறங்கி வந்தது மட்டும் கேட்டது. அம்மாவின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு தெருமுனைக் குழாயில் நிரப்பப் போய்விட்டாள்.

திரும்பி வந்ததும் என்னைத் தனியாகப் பிடித்து, மாடி இருக்கிறதா என்று கேட்டாள். பார்க்க மறந்துவிட்டிருந்தேன். அதற்கும் பதில் அக்காவிடமிருந்துதான் வந்தது.

"மாடியெல்லாம் இல்ல. வாசல்ல நின்னாலே போட் தெரியுது."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மே மாதத்தில் வியர்வை பிழிந்தெடுத்துவிடும், ஜூனில் மழையும் கடலும் முரட்டுத்தனம் பண்ணும். டிசம்பர், ஜனவரிதான் நல்ல நேரம். மட்டாஞ்சேரியிலோ கோட்டைக் கொச்சியிலோ தங்குங்கள். கடலில் குளிக்கச் செராய் போங்கள், காலையிலேயே போய்விடுங்கள், உச்சிவெயிலில் அங்கே ஒதுங்க நிழல் குறைவு. போல்காட்டிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். சீன வலையைச் சாயங்காலம் பாருங்கள். படகுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கீழே பார்க்காதீர்கள். பயந்த சுபாவம் உள்ளவர்கள் யாராவது உங்களோடு வந்தால் கேலி செய்யாமல், அவர்கள் கையில் சுமக்க ஏதாவது கொடுங்கள்.

சபீராவுக்கு வைப்பினில் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மூன்று பிரசவத்துக்கும் அக்கா போனாள். குழாய்த் தண்ணீர் அந்தப் பக்கம் ஒழுங்காக வரும்வரை வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு குடம் தண்ணீரோடும் போனாள். பிற்பாடு எர்ணாகுளத்திலிருந்து வைப்பினுக்குப் பாலங்கள் வந்துவிட்டன. மட்டாஞ்சேரியிலிருந்து கார் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பாலம் ஏறி இறங்கினால் மகள் வீட்டு வாசலிலேயே போய் நிற்கலாம். போன டிசம்பரில் நான் போயிருந்தபோது, முழங்கால் வலியோடு எதற்குப் படகு, கார் சொல்லட்டுமா என்று கேட்டேன். அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"பாலத்துல போனா சுத்துடி."